கல்யாணம் ஆகாத ஆம்பளை வாடகைத்தாய் மூலமா அப்பா ஆக முடியுமா? எங்க அண்ணனுக்குச் சொன்னத உங்களுக்கும் சொல்றேன்

இந்த வருஷம் காணும் பொங்கல் அன்னிக்கு வேலூர் பக்கம் காட்பாடில பெரியம்மா வீட்டு மாடில உக்காந்துக்கினு இருந்தோம், பசங்கள்லாம் கோட்டைக்குப் போயிட்டாங்க, கீழ பெரியம்மா பாத்திரம் கழுவற சத்தம் மட்டும்தான். அப்ப பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு தோல் கம்பெனில சூப்பர்வைசரு, 41 வயசு, கல்யாணம் பண்ணிக்கல, மெதுவா கேட்டாரு. "இன்னாம்மா, நீ அந்த டெஸ்ட் ட்யூப் ஆஸ்பத்திரில கவுன்சிலரா இருந்தியே, என்ன மாதிரி ஆளுக்கு வாடகைத்தாய் மூலமா கொழந்த பெத்துக்க முடியுமா?"

நான் அப்படியே அவர பாத்தேன், அவர் விளையாட்டுக்குக் கேக்கல. எங்க வீட்டு கொழந்தைங்க எல்லாத்தையும் தூக்கி வளத்தது அவர்தான், என் பொண்ணுக்கு மொத மொட்டை போடறப்ப மடில வெச்சிக்கினு உக்காந்தது கூட அவர்தான். கல்யாணம் வாணாம்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டா கொழந்தையும் வாணாம்னு நாம எப்படி முடிவு கட்டிடறோம்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அவர்கிட்ட ரெண்டு மணி நேரம் சொன்னத இங்க எழுதறேன், ஏன்னா இதே கேள்விய வாய்விட்டு கேக்க கூச்சப்படற ஆம்பளைங்க நெறைய பேர் இருப்பாங்கனு எனக்குத் தெரியும்.

மொதல்ல பதிலச் சொல்லிடறேன், அப்பறம் விளக்கம். இந்தியால இன்னைக்கு இருக்கற சட்டப்படி தனி ஆணுக்கு வாடகைத்தாய் வழி கிடையாது. கல்யாணமே ஆகாதவரு, பொண்டாட்டி செத்துப் போனவரு, விவாகரத்து ஆனவரு, யாருக்குமே கிடையாது. "நாங்க ஏற்பாடு பண்றோம்"னு யாராச்சும் சொன்னா அவங்க உங்கள ஜெயிலுக்குப் போற வழில இழுக்கறாங்கனு அர்த்தம்.

சரி, இது இன்னா சமாச்சாரம்னு அடிலேர்ந்து பாக்கலாம். ஒரு கொழந்த உருவாக மூணு வேணும், விந்தணு, கருமுட்டை, கர்ப்பப்பை. தனியா இருக்கற ஆம்பளைகிட்ட இதுல ஒண்ணுதான் இருக்குது. மீதி ரெண்டும் வேற ஆளுங்ககிட்டேர்ந்து வரணும், அதுவும் பெரும்பாலும் ரெண்டு வேற வேற பொம்பளைங்ககிட்டேர்ந்து. ஒருத்தங்க கருமுட்டை தானம் பண்றவங்க, இன்னொருத்தங்க பத்து மாசம் சுமக்கறவங்க. ஏன் ரெண்டு பேருனா, சுமக்கறவங்களே முட்டையும் குடுத்தா அந்தக் கொழந்தைக்கு அவங்கதான் ரத்த வழி அம்மா ஆயிடுவாங்க, பின்னாடி யாரு கொழந்தனு பெரிய சிக்கல் வரும், மனசும் தாங்காது. அதனாலதான் நம்ம நாட்டு சட்டம் சுமக்கற பொண்ணு தன் சொந்த முட்டைய குடுக்கவே கூடாதுனு சொல்லுது.

அண்ணன் இங்கதான் ஒரு கேள்வி கேட்டாரு, எல்லாரும் கேக்கறதுதான், "அப்ப கொழந்த யார் ஜாடைல இருக்கும், சுமக்கறவங்க ரத்தம் ஓடுமா?" நான் கழனிய வெச்சு சொன்னேன். நாத்தங்கால்ல ஒரு எடத்துல வெத விட்டு, நாத்தப் பிடுங்கி வேற கழனில நடறோம் இல்ல, பொன்னி வெத விட்டா எந்தக் கழனில நட்டாலும் பொன்னிதான் வெளையும். ஜாடை, நிறம், உயரம், ரத்த குரூப், இதெல்லாம் விந்தணுவும் முட்டையும் குடுக்கற ஜீன்லேர்ந்து வரது, சுமக்கறவங்ககிட்டேர்ந்து சாப்பாடும் ஆக்சிஜனும் தொப்புள்கொடி வழியா போகுது, ஜீன் போகாது. ஆனா சொல்லி முடிச்சதும் எனக்கே உறுத்திச்சு, பொம்பளை ஒண்ணும் கழனி கிடையாது, அவங்களுக்கு வாந்தி வரும், கால் வீங்கும், பிரசவத்துல உசுரே போற ஆபத்து இருக்குது, அந்தக் கொழந்த வயித்துல உதைக்கறது அவங்களுக்குத்தான் தெரியும். அதனால இந்த உதாரணத்த ஜீன் விஷயத்துக்கு மட்டும் எடுத்துக்கங்க, அதுக்கு மேல வாணாம்.

இப்ப மருத்துவத்துல என்ன நடக்குதுனா, முட்டை தானம் பண்றவங்களுக்கு பத்து பன்னெண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி, நடுநடுவுல ஸ்கேன், முட்டைங்க வளந்ததும் கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்துல மயக்கம் குடுத்து முட்டைய எடுப்பாங்க. சில பேருக்கு வயிறு உப்பி நீர் கோத்துக்கும், அது லேசா எடுத்துக்கற விஷயம் இல்ல. அப்பறம் லேப்ல முட்டையும் விந்தணுவும் சேரும், விந்தணு கம்மியா இருந்தா ஒரே ஒரு விந்தணுவ ஊசியால முட்டைக்குள்ள வெப்பாங்க, அதுக்குப் பேரு இக்சி, 1992ல மொத கொழந்த பொறந்துச்சு இந்த முறைல. அஞ்சு நாள் கரு லேப்ல வளரும். இந்தப் பக்கம் சுமக்கப் போறவங்களுக்கு மாத்திரை ஊசி குடுத்து கர்ப்பப்பைய ரெடி பண்ணி கருவ உள்ள வெப்பாங்க, ரெண்டு வாரம் கழிச்சு ரத்த டெஸ்ட். அந்த ரெண்டு வாரம் இருக்குதே, ரிசல்ட் வாங்க வரவங்க முகத்த நான் நெறைய பாத்திருக்கேன், அதப் பத்தி எழுதணும்னா இன்னொரு கட்டுரை ஆயிடும். மொத தடவையே நிக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது, அப்படி எழுதிக் குடுக்கறவங்ககிட்ட போகாதீங்க.

இந்த "வாடகைத்தாய்"ங்கற வார்த்தை எனக்குப் புடிக்கல. பேப்பர்ல டிவில எல்லாம் அப்படியே சொல்லிப் பழகிட்டதால நானும் எழுதறேன், ஆனா இன்னைக்கு சட்டத்துல வாடகையே கிடையாது. 2021ல பார்லிமெண்ட் போட்ட வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25ல அமலுக்கு வந்துச்சு, அது என்ன சொல்லுதுனா சுமக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி செலவும் 36 மாசத்துக்கு இன்சூரன்சும் தவிர காசு எதுவும் குடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. அவங்க கல்யாணம் ஆனவங்களா இருக்கணும், சொந்தமா ஒரு கொழந்த இருக்கணும், 25லேர்ந்து 35 வயசுக்குள்ள இருக்கணும், வாழ்க்கைல ஒரே ஒரு தடவைதான். கருவ உள்ள வெக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் "எனக்கு வாணாம்"னு அவங்க பின்வாங்கலாம். இதெல்லாம் எனக்கு முழு சம்மதம், ஏன்னா கடன்ல மூழ்கின பொண்ணுங்கள ஏஜெண்டுங்க கூட்டிக்கினு போற கதைய எல்லாம் கேட்டுட்டு இந்தப் பாதுகாப்பு வாணாம்னு எப்படி சொல்றது.

யாரு கேக்கலாம்னு பாத்தா ரெண்டே வகை. ஒண்ணு, கல்யாணம் ஆன ஆண் பெண் ஜோடி, பொண்டாட்டிக்கு 23லேர்ந்து 50, புருஷனுக்கு 26லேர்ந்து 55 வயசு, பொதுவா ஏற்கனவே கொழந்த இருக்கக் கூடாது, அதோட மருத்துவக் காரணம் இருக்குதுனு மாவட்ட மருத்துவ போர்டு சர்டிபிகேட் குடுக்கணும், மாஜிஸ்திரேட் கோர்ட்ல கொழந்த யாரோடதுனு ஆர்டர் வாங்கணும். ரெண்டாவது, 35லேர்ந்து 45 வயசுக்குள்ள இருக்கற விதவை இல்லனா விவாகரத்து ஆன பொண்ணு. அவ்ளோதான். 2022 அக்டோபர்ல நயன்தாரா, விக்னேஷ் சிவன் வீட்ல ரெட்டைப் பசங்க வந்தப்ப தமிழ்நாடே இதப் பேசிச்சு, சுகாதாரத் துறை விசாரணை வெச்சு அவங்க மேல தப்பு இல்லனு சொன்னாங்க, ஆனா அவங்க ஜோடி, அதனால அவங்க கதைய வெச்சு தனி ஆள் நம்பிக்கை வெக்க முடியாது.

கூடவே வந்த இன்னொரு சட்டம் ஐவிஎஃப்னு சொல்ற டெஸ்ட் ட்யூப் சிகிச்சை மாதிரி சிகிச்சைங்களுக்கானது, அதுல 21 வயசு தாண்டின பொண்ணு தனியா போயி தானமா வந்த விந்தணுவ வெச்சு தானே சுமந்து பெத்துக்கலாம். ஆம்பளைக்கு கர்ப்பப்பை இல்ல, அதனால அவருக்கு அந்த வழியும் இல்ல, இந்த வழியும் இல்ல. 2022லயே ஒரு தனி ஆணும் கல்யாணம் ஆன ஒரு பொண்ணும் சேந்து டெல்லி ஐகோர்ட்ல இந்தச் சட்டங்கள எதுத்து கேஸ் போட்டாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுங்க எங்களயும் சேத்துக்கங்கனு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க.

அண்ணன் உடனே கேட்டாரு, "அப்ப சினிமாக்காரங்கள்லாம் எப்படி?" அவர் கேட்டது துஷார் கபூர், கரண் ஜோஹர் ரெண்டு பேரப் பத்தி. துஷாருக்கு 2016லயும் கரணுக்கு 2017லயும் வாடகைத்தாய் மூலமா கொழந்தைங்க பொறந்தாங்க, ரெண்டு பேருமே கல்யாணம் ஆகாதவங்க. அப்ப சட்டம்னு ஒண்ணு இல்ல, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005ல போட்ட வழிகாட்டு நெறி மட்டும்தான், தனி ஆளத் தடுக்க எந்தப் பிரிவும் இல்ல. அந்தக் கதவு 2022ல மூடிடுச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

அதுக்கும் முன்னாடி நடந்த ஒரு கேஸு இருக்குது, இந்த விஷயத்தப் புரிஞ்சிக்கணும்னா அதத் தெரிஞ்சிக்கணும். 2008 ஜூலைல குஜராத் ஆனந்த் ஊர்ல மஞ்சினு ஒரு பொண்ணு கொழந்த பொறந்துச்சு. ஜப்பான் தம்பதிக்காக இங்க ஒரு பொண்ணு சுமந்தாங்க, ஆனா கொழந்த பொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அந்தத் தம்பதி பிரிஞ்சிட்டாங்க. அம்மாவா வரவேண்டியவங்க வாணாம்னுட்டாங்க, முட்டை குடுத்தவங்களுக்கு உரிமை இல்ல, சுமந்தவங்க வேலை முடிஞ்சிது. அப்பா மட்டும் "எனக்கு என் கொழந்த வேணும்"னு நின்னாரு. ஆனா ஜப்பான் பாஸ்போர்ட் கெடைக்கல, இந்திய பாஸ்போர்ட்டுக்கு அம்மா யாருனு கேட்டாங்க, தத்து எடுத்துக்கலாம்னா தனி ஆண் பொண்ணு கொழந்தைய தத்தெடுக்கக் கூடாதுனு வழக்கம். அகமதாபாத்ல குண்டு வெடிச்சுதுனு கொழந்தைய ஜெய்ப்பூருக்குக் கொண்டு போனாங்க, அப்பாவோட விசா முடிஞ்சு அவர் திரும்பிப் போக வேண்டியதாச்சு, வயசான பாட்டி ஜப்பான்லேர்ந்து வந்து பாத்துக்கிட்டாங்க, கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, கடைசில ஒரு அடையாளச் சான்று வாங்கி, ஜப்பான் மனிதாபிமான விசா குடுத்து, நவம்பர்ல ஊர் போய் சேந்தாங்க. பேப்பர் சரியா இல்லனா பாதிக்கப்படறது மொதல்ல கொழந்தைதான், இத நான் அண்ணன்கிட்ட திரும்பத் திரும்ப சொன்னேன்.

ஏன் சொன்னேன்னா அப்பத்தான் அவர் இன்னொரு விஷயத்த வெளிய விட்டாரு. வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம், அந்த லாட்ஜுங்க பெங்காலி போர்டோட வரிசையா இருக்கும் இல்ல, வடநாட்லேர்ந்து சிகிச்சைக்கு வரவங்க தங்கறது, அங்க டீக்கடைல ஒரு ஆள் பழக்கமாயி, "22 லட்சம் குடுங்க சார், எல்லாம் நாங்க பாத்துக்கறோம், பேருக்கு ஒரு கல்யாண சர்டிபிகேட் மட்டும் ரெடி பண்ணிடலாம், 3 லட்சம் அட்வான்சு"னு சொல்லியிருக்கான். அண்ணன் பிஎஃப் பணத்த எடுக்க அப்ளிகேஷன் வாங்கி வெச்சிருந்தாரு. எனக்கு ஒடம்பே ஆடிப் போச்சு. காசு குடுத்து வாடகைத்தாய் தேடறவங்களுக்கே மொத தடவை 5 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 5 லட்சம் வரைக்கும் அபராதம், ஏற்பாடு பண்றவங்களுக்கு 10 வருஷம், 10 லட்சம் வரைக்கும். பொய் சர்டிபிகேட்டுக்குத் தனி கேஸு. அத விட, பொய் கல்யாணத்துல பேரு குடுத்த பொண்ணுதான் சட்டப்படி அந்தக் கொழந்தைக்கு அம்மா, நாளைக்கு அவங்க வந்து கொழந்தைய கேட்டா என்ன பண்ணுவாரு இவரு? "வாணாம்ணா, அந்த ஆள் நம்பர இப்பவே டெலிட் பண்ணு"னு சொல்லி என் கண்ணு முன்னாடியே பண்ண வெச்சேன்.

வெளிநாட்ல முடியாதானு கேப்பீங்க. சில எடத்துல முடியும். அமெரிக்கால கலிஃபோர்னியா மாதிரி மாநிலத்துல தனி ஆண் சட்டப்படி பண்ணலாம், கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே கோர்ட் ஆர்டர் வாங்கலாம், ஆனா செலவு 1 லட்சம் டாலர தாண்டும், அதாவது நம்ம பணத்துல 80 லட்சத்துக்கு மேல. இஸ்ரேல் 2022 ஜனவரிலேர்ந்து அந்த நாட்டு தனி ஆணுங்களுக்குத் தெறந்து விட்டுச்சு. பிரிட்டன்ல 2019லேர்ந்து தனி ஆளும் அப்பா அம்மாங்கற உரிமை ஆர்டர் கேக்கலாம். தாய்லாந்து 2015ல வெளிநாட்டுக்காரங்களுக்கு மூடிடுச்சு, உக்ரைன்ல கல்யாணம் ஆன ஜோடிக்கு மட்டும்தான். அப்பறம் குடியுரிமை, அமெரிக்கால பொறந்த கொழந்த அமெரிக்கக் குடிமகன் ஆயிடும், இந்தியா ரெட்டைக் குடியுரிமை ஒத்துக்காது, அப்ப வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கித்தான் இங்க வளக்கணும். ரெண்டு நாட்டு வக்கீலயும் கேக்காம ஒரு அடி எடுத்து வெக்காதீங்க, மஞ்சி கதை ஞாபகம் இருக்கட்டும். எங்க அண்ணன் சம்பளத்துக்கு இதெல்லாம் பேசறதே அவர வேதனப்படுத்தற மாதிரி இருந்துச்சு, சீக்கிரமா முடிச்சிக்கிட்டேன்.

என் மனசுல பட்டத சொல்றேன். சுமக்கற பொண்ணுக்குப் பாதுகாப்பு வேணும்னு சட்டம் சொல்றது சரி, அதுல ஒரு எழுத்தக் கூட கொறைக்கக் கூடாது. ஆனா விதவைக்கு அனுமதி உண்டு, பொண்டாட்டிய இழந்த ஆம்பளைக்கு இல்லங்கறதுக்கு எனக்கு காரணம் புரியல. ஆம்பளை கொழந்தைய வளக்க மாட்டான்ங்கற எண்ணம்தான் அடில இருக்குதுனு நெனைக்கறேன். நம்ம ஊர்லயே அம்மா போயி அப்பா தல வாரி, டிபன் கட்டி, ஸ்கூல்ல விட்டு வளத்த பசங்க தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க. வேற எடத்துல அரசாங்கமே தனி அப்பாவ ஒத்துக்குது, மத்திய அரசு வேலைல இருக்கற தனி அப்பாவுக்கு கொழந்த வளப்பு லீவு 730 நாள் வரைக்கும் உண்டு, பாஸ்போர்ட்டுக்கு 2016 கடைசிலேர்ந்து ஒரு பெத்தவர் பேரு மட்டும் போதும்.

அதே அரசாங்கம் இன்னொரு கதவயும் தெறந்துதான் வெச்சிருக்குது, தத்தெடுப்பு. கல்யாணம் ஆகாத ஆம்பளை சட்டப்படி கொழந்தைய தத்தெடுக்கலாம், சிறார் நீதிச் சட்டத்துல தெளிவா இருக்குது. ஒரே கட்டுப்பாடு, ஆண் கொழந்த மட்டும்தான், பொண்ணு கொழந்த கெடையாது. இந்து தத்தெடுப்புச் சட்டம் 1956னு இன்னொண்ணு இருக்குது, அதுல சொந்தத்துல பெத்தவங்களே மனசார குடுத்தா பொண்ணு கொழந்தைய கூட எடுக்கலாம், ஆனா 21 வயசு வித்தியாசம் வேணும், அது வேற பாதை.

மத்திய தத்தெடுப்பு ஆணையம், காரானு சொல்வாங்க, அவங்க வெப்சைட்ல பேரு பதியணும். பேன் கார்டு, வருமானச் சான்று, வீட்டு அட்ரஸ், டாக்டர் சர்டிபிகேட், இதெல்லாம் ஏத்தணும். வயசு கணக்கு முக்கியம், தனி ஆளுக்கு 40 வரைக்கும் 2 வயசுக்குள்ள கொழந்த, 45 வரைக்கும் 2லேர்ந்து 4 வயசு கொழந்த, 50 வரைக்கும் 4லேர்ந்து 8, 55 வரைக்கும் 8லேர்ந்து 18. கொழந்தைக்கும் உங்களுக்கும் 25 வயசாச்சும் வித்தியாசம் இருக்கணும். அண்ணனுக்கு 41, அப்ப கைக்கொழந்த கெடைக்காது, 2 வயசுக்கு மேல பையன் கெடைப்பான். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. "நடக்கற பையனா வருவான்"னாரு அப்பறம்.

பதிஞ்சதும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பாப்பாங்க, ஹோம் ஸ்டடினு பேரு. பயப்பட வாணாம், சோஃபா இருக்குதானு பாக்க வரல, நீங்க வேலைக்குப் போனா யாரு பாத்துக்குவாங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுனா கொழந்த யார்கிட்ட இருக்கும், வீட்ல பெரியவங்களுக்கு சம்மதமா, இததான் கேப்பாங்க. அப்பறம் காத்திருப்பு, அது வருஷக்கணக்குல ஆகும், ஏன்னா காத்திருக்கறவங்க அதிகம், சட்டப்படி தத்துக்கு வர கொழந்தைங்க கம்மி. உங்க முறை வந்தா கொழந்தையோட போட்டோவும் மெடிக்கல் ரிப்போர்ட்டும் வரும், 48 மணி நேரத்துல சரினு சொல்லணும். முன்னாடி கோர்ட்ல ஆர்டர் வாங்கணும், 2022 செப்டம்பர்லேர்ந்து மாவட்ட கலெக்டரே ஆர்டர் போடறாரு, வேலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்தான். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019லேர்ந்து தனி மாவட்டம்ங்கறதால அங்க இருக்கறவங்க அவங்க அவங்க கலெக்டர். அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாப்பாங்க, கொழந்த எப்படி இருக்கானு.

அண்ணன் மாசி மாசமே பேரு பதிஞ்சிட்டாரு, போன வாரம் ஹோம் ஸ்டடி முடிஞ்சிது. வந்த மேடம் பெரியம்மாகிட்ட, கொழந்த வேற மாநிலத்துலேர்ந்து கூட வரலாம், 3 வயசுப் பையன்னா அவனுக்குனு ஒரு பாஷை இருக்கும், தமிழ் புரியாது, மொத கொஞ்ச நாள் அழுவான், உங்களுக்கு சமாளிக்க முடியுமானு கேட்டாங்களாம். பெரியம்மா பொறந்த ஊரு சித்தூர் பக்கம். "தெலுங்கு எனக்கு வரும், இந்தினா மேல் மாடில குடியிருக்கற பாய் வீட்டம்மாகிட்ட கத்துக்கறேன், பையன மட்டும் சீக்கிரம் அனுப்புங்க"ன்னாங்களாம்.